ஐம்பது நாள் பாடம்

பெரணமல்லூரிலிருந்து வடமேற்கே போனால் ஆரணி, வடகிழக்கே செய்யாறு, தென்கிழக்கே வந்தவாசி, தென்மேற்கே சேத்துப்பட்டு. நான்கு திசையிலும் நான்கு ஊர்கள் இருந்தும், எதற்குப் போவதானாலும் 15 கிலோமீட்டருக்குக் குறையாமல் பயணம் செய்தாக வேண்டும். தறி நெய்கிறவர்களுக்கு இந்தத் தூரம் ஒரு பொருட்டில்லை. பாவும் சரிகையும் ஆரணியிலிருந்து வரும், நெய்து மடித்த சேலை ஆரணிக்குத் திரும்பிப் போகும். ஒருநாள் தாமதமானால் கூலி ஒருநாள் தாமதமாகும், அவ்வளவுதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் சாய்ந்துவிட்டவருக்கு அதே தூரம் வேறொரு பொருள் கொள்கிறது.

ஆம்புலன்ஸ் என்ற சொல் ஊருக்குள் வருவதற்கு முந்தைய காலம் எங்கள் தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாடகைக் காருக்கு ஆளனுப்பிவிட்டு, நோயாளியைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, தெருவே சூழ்ந்து நிற்கும். கார் வந்ததும் ஒருவர் தலையை மடியில் தாங்கிக்கொள்வார், இன்னொருவர் உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்ப்பார். அன்புக்குக் குறைவில்லை. செய்ய வேண்டியது எது, செய்யக்கூடாதது எது என்பதுதான் அந்தக் காரில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. 2008 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியபோது வண்டி வந்தது, சங்கொலி வந்தது. இவற்றைவிடப் பெரிய மாற்றமாக எனக்குப் படுவது, வண்டியின் பின்பகுதியில் நோயாளியோடு தனியாக உட்கார்ந்து வரும் ஒரு மனிதர் வந்ததுதான். ஓட்டுநரைப் 'பைலட்' என்கிறார்கள். பின்னால் இருப்பவரை 'ஈ.எம்.டி.' என்கிறார்கள். தமிழில் மருத்துவ உதவியாளர். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பெண்ணாகவோ பையனாகவோ அநேகமாக அவர் இருப்பார்.

அந்த இடத்தில் உட்காருவதற்கு முன் அவர்கள் மாணவர்களாக இருக்கும் சில வாரங்களைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். பயிற்சி அவர்களிடம் என்ன எதிர்பார்க்கிறது, அவர்கள் பயிற்சியிடம் என்ன எதிர்பார்த்துப் போகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது.

*

வேலைவாய்ப்பு முகாம் அறிவிப்புகளை நாளிதழில் பார்த்திருப்பீர்கள். செவிலியர் படிப்பு, ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம், அல்லது விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் போன்ற ஏதேனும் ஓர் உயிரியல் பட்டம். வயது 19 முதல் 30 வரை. எழுத்துத் தேர்வு, மருத்துவம் சார்ந்த நேர்காணல், மனிதவள நேர்காணல். தேறியவர்களுக்கு வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் ஆம்புலன்சிலுமாக 50 நாள் பயிற்சி. அதன்பின் பகலும் இரவும் மாறி மாறி 12 மணி நேரப் பணி, எந்த மாவட்டத்திலும் போடுவார்கள். அறிவிப்பில் இருப்பது இவ்வளவுதான்.

எங்கள் தெருவில் பட்டு நெய்யும் குடும்பத்துப் பெண் ஒருத்தி, விலங்கியல் பட்டதாரி, இந்த அறிவிப்பைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு ஒரு மாலையில் என்னிடம் வந்தாள். எட்டாம் வகுப்பில் அவளுக்குத் தமிழ் நடத்தியவன் என்ற உரிமையில் வந்தாள். அவள் வீட்டில் ஆளுக்கொரு எதிர்பார்ப்பு இருந்தது. அப்பா அதை அரசாங்க வேலை என்றே நம்பிக்கொண்டிருந்தார். அரசின் சேவையை ஒப்பந்தத்தில் ஒரு நிறுவனம் நடத்துகிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. அம்மா, ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மாவைப் போல மகள் வெள்ளுடையில் பகலில் போய்ப் பகலில் திரும்புவாள் என்று எண்ணியிருந்தார். அவளுக்கோ விரைந்து ஓடும் வண்டி, கையில் ரத்தம், காப்பாற்றப்பட்ட உயிர், நன்றி சொல்லும் குடும்பம். இருபத்திரண்டு வயதில் வேறெப்படி இருக்கும்?

ஒரே ஒரு பயம்தான் அவளிடம் இருந்தது. "சார், எல்லாம் இங்கிலீஷுல கேப்பாங்களாம். எனக்குப் படிச்சா புரியும், வாயில வராது."

எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் அகராதி பார்க்கத் தெரியும். அவள் எங்கிருந்தோ வாங்கி வந்த முதலுதவிக் கையேட்டை வைத்துக்கொண்டு இருபது மாலைகள் உட்கார்ந்தோம்.

*

வாழ்நாளெல்லாம் கதையும் கவிதையும் படித்த எனக்கு அந்தக் கையேடு ஒரு புது வாசிப்பாக அமைந்தது. அதில் அலங்காரமே கிடையாது. ஒவ்வொரு பாடமும் வரிசையைத்தான் வலியுறுத்தியது. முதலில் பார்க்க வேண்டியது நோயாளியை அல்ல, இடத்தை. அறுந்த மின்கம்பி கிடக்கிறதா, பெட்ரோல் ஒழுகுகிறதா, இன்னொரு லாரி வந்து மோதுமா? அடுத்தது கையுறை. அதற்கடுத்து மூச்சுப்பாதை, பிறகு மூச்சு, பிறகு ரத்த ஓட்டம். காலில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தாலும், மூச்சு இருக்கிறதா என்று பார்க்காமல் அந்தக் காலிடம் போகக்கூடாது. கண்ணை இழுக்கும் காயமும் உயிரைக் கொல்லும் காயமும் பெரும்பாலும் வேறுவேறு என்பதை மாணவனின் உடம்பில் ஏற்றுவதற்காகவே இந்த வரிசை இருக்கிறது.

அடுத்து, நோயாளியிடம் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள். என்ன செய்கிறது, எதாவது ஒத்துக்கொள்ளாதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், முன்பு என்ன நோய் இருந்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், இது தொடங்கும்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? ஆங்கில முதலெழுத்துகளை வைத்து இதை மனப்பாடம் செய்ய ஒரு சூத்திரம் தந்திருந்தார்கள். அவளுக்கு அது வரவில்லை. "நம்மூர்ப் பாட்டிகிட்ட எப்படிக் கேட்பாய், அதைச் சொல்" என்றேன்.

அங்கேதான் பாடம் திசை மாறியது.

வலியின் தன்மையைக் கேள் என்கிறது கையேடு. ஆங்கிலத்தில் நாலைந்து சொற்கள் கொடுத்திருந்தார்கள். அவள் நோட்டுப் புத்தகத்தில் தமிழ்ச் சொற்களை எழுத ஆரம்பித்தாள். குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, காந்துகிறது, உளைகிறது, பிசைகிறது, பிடித்து இழுக்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது, சுருக்கென்கிறது, அடைக்கிறது, அழுத்துகிறது, கரிக்கிறது. ஒரு பக்கம் நிறைந்தது. நெஞ்சு 'கரிக்கிறது' என்பவரும் நெஞ்சை 'அடைக்கிறது' என்பவரும் ஒரே இடத்தைக் காட்டினாலும் ஒரே செய்தியைச் சொல்லவில்லை. வெறும் வாயுப்பிடிப்பு என்று சொல்லிச் சோடாவும் இஞ்சிச்சாறும் குடித்தபடியே மாரடைப்பில் போனவர்களை எங்கள் தெருவிலேயே எண்ணிக் காட்டலாம்.

பிறகு அவளே கண்டுபிடித்த பட்டியல் ஒன்று வந்தது. கேட்டதற்கும் சொல்வதற்கும் நடுவே ஊர் ஒளித்துவைக்கும் சொற்களின் பட்டியல். "பூச்சி கடிச்சிடுச்சு" என்றால் அது பாம்பாகவும் இருக்கலாம். இரவில் பாம்பின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது இங்கே வழக்கம். "மருந்து குடிச்சிட்டாரு" என்றால் அது நோய்க்கான மருந்து அல்ல, வயலுக்கு அடிக்கும் மருந்து. "முழுகாம இருக்கா" என்றால் கர்ப்பம். "மயக்கமா இருக்கு" என்பது தலைச்சுற்றலாக இருக்கலாம், குமட்டலாக இருக்கலாம், நினைவு தவறியதாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் செய்ய வேண்டியவை வேறு. இந்தச் சொற்களைத் தெரியாத ஒருவர், எவ்வளவு படித்தவராக இருந்தாலும், நள்ளிரவில் இஞ்சிமேட்டிலோ பெரணமல்லூரிலோ ஒரு வீட்டு வாசலில் நின்று பாதிச் செய்தியைத்தான் பெறுவார். தன்னிடம் எதுவுமே இல்லை என்று நினைத்து வந்த பெண்ணிடம் பயிற்சிக்குத் தேவையானதில் பாதி ஏற்கெனவே இருந்தது. அவள் பேசிய தமிழைத் தகுதியாகக் கருதலாம் என்று யாரும் அவளிடம் அதுவரை சொன்னதில்லை.

நேர்காணலில் பாம்புக்கடியைப் பற்றிக் கேட்டார்களாம். கடிவாயைக் கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக்கூடாது, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நடக்கவிடாமல், விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தமிழிலேயே சொல்லியிருக்கிறாள். கூடவே பூச்சி என்ற சொல்லையும் விளக்கியிருக்கிறாள். கேட்டவர் சிரித்துக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டாராம்.

*

பயிற்சிக்குப் போனபின் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் அழைப்பாள். முதல் இரண்டு வாரம் குரலில் ஏமாற்றம்தான். இவ்வளவு சிறிய வேலைகளா என்ற ஏமாற்றம். காலையில் குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் வெளியே நிற்க வேண்டும். ஆக்சிஜன் உருளையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பார்த்து எழுத வேண்டும். தூக்குப்படுக்கையை மடக்கி விரிக்க நூறு தடவை. வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் நம் வழக்கத்தால் பயனில்லை, வாயில் எதையும் வைக்கக்கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலையில் அடிபடாமல் பார்த்துக்கொண்டு நேரத்தைக் குறி என்பது ஒரு முழு வகுப்பு. பிரசவத்தில் தொப்புள்கொடியைப் பிடித்து இழுக்காதே, குழந்தையைத் துடைத்து உலர்த்தித் தாயின் மேல் போட்டுப் போர்த்து என்பது இன்னொன்று. "செய்யாதே, செய்யாதேன்னுதான் சார் பாதி பாடம்" என்றாள்.

பொம்மையின் மார்பை அழுத்தும் பயிற்சியில் அவள் மணிக்கட்டு வீங்கியது. 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுமையாக எழ விட வேண்டும். மார்பை வெளியிலிருந்து அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கலாம் என்பதை 1960-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து அறிவித்த மூவரில் முதல்வரான கோவென்ஹோவன் மருத்துவரல்ல, மின்பொறியாளர் என்று எங்கோ படித்திருந்தேன். அதைச் சொன்னபோது அவளுக்குப் பிடித்துப்போனது. டாக்டர் அல்லாதவர்களுக்கும் இதில் இடம் உண்டு என்று எடுத்துக்கொண்டாள் போலும்.

அவளுக்காகத் தேடிப் படித்தவற்றுள் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 1966-இல் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு ஆம்புலன்சுகளில் ஏறக்குறையப் பாதியைச் சவ அடக்கம் செய்பவர்களே நடத்துகிறார்கள் என்றது. படுக்கவைத்துக் கொண்டுபோகும் வண்டி அவர்களிடம்தான் இருந்தது. அந்த ஆண்டே பிட்ஸ்பர்க் நகரில் பீட்டர் சஃபார் என்ற மருத்துவர் தம் சிறு மகளை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்தார். 1967-இல் அவர் பங்கெடுத்து உருவான 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவை, ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பர் குடியிருப்பின் வேலையற்ற இளைஞர்களைச் சேர்த்தது. பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களும் அவர்களில் இருந்தார்கள். இவர்களுக்கு எளிய பாடம் போதும் என்று சஃபார் நினைக்கவில்லை. அன்று யாரும் கேட்டிராத அளவுக்கு, சுமார் 300 மணி நேரப் பயிற்சி தந்தார். அவர்கள் அதைக் கற்றார்கள். அமெரிக்காவின் துணைமருத்துவச் சேவைக்கே முன்மாதிரியானார்கள். 1975-இல் நகராட்சி தனக்கென ஒரு சேவையைத் தொடங்கியபோது ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. புதிய அமைப்புக்குப் போன கறுப்பின ஊழியர்களில் பலர் ஓரங்கட்டப்பட்டு வெளியேறினார்கள்.

இந்த வரலாற்றின் முன்பாதியும் பின்பாதியும் சேர்ந்தே என் நினைவில் நிற்கின்றன. மாணவரிடம் நிறைய எதிர்பார்த்தால் அவர் அந்த உயரத்துக்கு வருவார் என்பது முன்பாதி. வந்தபின் அவருக்குத் திருப்பித் தர வேண்டியதைத் தராமல் விட்டுவிடலாம் என்று உலகம் நினைக்கும் என்பது பின்பாதி.

*

ஆறாவது வாரத்தில் ஓர் இரவு அவளிடமிருந்து அழைப்பு வந்தது. அன்று ஞாயிறு அல்ல. பயிற்சி ஆம்புலன்சில் மூத்த ஊழியரோடு போயிருந்தாள். அறுபது வயதுக்காரர், வீட்டிலேயே சரிந்து விழுந்திருக்கிறார். இவர்கள் போனபோது மூச்சில்லை. இவள்தான் அழுத்தியிருக்கிறாள். மூத்தவரும் இவளும் மாறி மாறி, மருத்துவமனை வாசல் வரை. அவர் பிழைக்கவில்லை.

"எல்லாம் சரியாத்தான் சார் பண்ணேன். எண்ணிக்கூடப் பாத்தேன்."

ஆறுதல் சொல்ல என்னிடம் சொல் இல்லை. பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அழுது முடித்தபின் அவளே சொன்னாள். மறுநாள் வகுப்பில் பயிற்றுநர் அவளை எழுப்பி, நேரப்படி நடந்ததைச் சொல்லச் சொல்லியிருக்கிறார். சொன்னாள். எங்கே கை நின்றது, எத்தனை விநாடி நின்றது என்று கேட்டிருக்கிறார். அதையும் சொன்னாள். "சரியாகச் செய்தாயா என்றுதான் நான் கேட்பேன். பிழைத்தாரா என்று கேட்க மாட்டேன். அந்தக் கேள்வியை நீயும் உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தால் ஒரு வருடம் தாங்க மாட்டாய்" என்றாராம்.

கடினமான பேச்சாகத்தான் முதலில் பட்டது. யோசிக்கையில், அதைவிடக் கருணையான ஒன்றை அந்த நேரத்தில் யாரும் அவளுக்குச் சொல்லியிருக்க முடியாது என்று தோன்றுகிறது. மருத்துவமனைக்கு வெளியே நின்றுபோன இதயங்களில் மிகச் சிலவே திரும்பத் துடிக்கின்றன. பலனை மட்டும் அளவுகோலாக வைத்தால், இந்த வேலைக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் தன்னைத் தோற்றவளாகவே எண்ணிக்கொண்டு போய்விடும். வரிசை, நேரம், கை, குறிப்பு இவை அவள் வசத்தில் இருப்பவை. அவற்றில் மட்டும் கணக்குக் கேட்கும் ஒரு பயிற்சி, மற்றதன் பாரத்தை அவள் தோளிலிருந்து இறக்கிவைக்கிறது.

அவள் அப்பா இதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டார். பாவு தீர்ந்ததும் பழைய இழைமுனையோடு புதுப்பாவின் முனையை ஒவ்வொன்றாகத் திரித்துச் சேர்ப்பவர் ஒருவர் இருப்பார். ஆயிரக்கணக்கான இழைகள். நெய்வது அவர் அல்ல, சேலையில் அவர் கை தெரியாது. ஒரு முடிச்சு அவிழ்ந்தால் மட்டும் தெரியும். "தெருவையும் ஆஸ்பத்திரியையும் இவ சேத்துக் குடுக்கறா, அதானே?" என்றார் என்னிடம். அதுதான். வயது, நேரம், நடந்தது, கண்டது, செய்தது, செய்தபின் மாறியது என்று ஆறேழு வாக்கியங்களில் நோயாளியை மருத்துவரிடம் ஒப்படைக்கும் அந்த நிமிடம் அவள் வேலையின் முடிச்சு.

*

பயிற்சி அவளிடம் எதிர்பார்த்ததை அவள் கொடுத்தாள். இப்போது வேறொரு மாவட்டத்தில் பணியில் இருக்கிறாள். அப்படியானால் அவள் எதிர்பார்ப்பது?

அவளுடைய பழைய கனவுகளைப் பயிற்சி கலைத்தது சரிதான். ஆனால் எல்லா எதிர்பார்ப்பும் கலைக்க வேண்டியவை அல்ல. ஐந்தாண்டு இரவுப் பணிக்குப் பிறகும் அதே படியில்தான் நிற்க வேண்டுமா, மேற்படிப்புக்கு இந்த அனுபவம் கணக்கில் வருமா, தன் தொழிலுக்கு ஒரு பெயரும் பதிவும் உண்டா என்று ஒரு மாணவி கேட்டால் அதைப் பேராசை என்று சொல்ல முடியாது. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணைமருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் அவசரகால மருத்துவத் தொழில்நுட்பருக்கும் ஓர் இடம் தரப்பட்டது. எழுத்தில் பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயர் சம்பளச் சீட்டிலும் பதவி உயர்விலும் வந்து சேர்வதைப் பொறுத்துத்தான் பிட்ஸ்பர்க் கதையின் எந்தப் பாதி இங்கே திரும்ப நிகழும் என்பது தீர்மானமாகும். அடுத்த முகாமுக்கு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம், போங்கள் என்றும் சொல்வேன், இதைக் கேளுங்கள் என்றும் சொல்வேன்.

நம்மிடமும் அவர்களுக்குச் சில எதிர்பார்ப்புகள் உண்டு. சென்ற பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது அவளிடம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். அழைத்துவிட்டு உள்ளே போய்விடாமல் ஒருவர் டார்ச் விளக்கோடு தெருமுனையில் நிற்க வேண்டும். நோயாளியைச் சுற்றிக் காற்று வர இடம் விட வேண்டும். எப்போது தொடங்கியது என்பதை மணி பார்த்துச் சொல்ல வேண்டும்; "இப்பத்தான் கொஞ்ச முன்னாடி" என்பது பத்து நிமிடமா மூன்று மணி நேரமா என்று அவர்களுக்குத் தெரியாது. சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு கையில் கொடுக்க வேண்டும். சாலையில் அடிபட்டுக் கிடப்பவருக்கு உதவப் பயப்பட வேண்டாம். உதவியவரைத் தொல்லை செய்யக்கூடாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளுக்கு ஒப்புதல் அளித்தது, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்திலும் அது சேர்ந்தது. கடைசியாக ஒன்று சொன்னாள். பாம்பு கடித்திருந்தால், அந்த ஒரு இரவுக்கு மட்டும், பாம்பு என்றே சொல்லிவிடுங்கள்.